கலியாணசுந்தரம் வீட்டு ரயில்

1958-ஆம் ஆண்டு ஜூலை பதினான்காம் தேதி, திங்கட்கிழமை மாலை நான்கு பத்துக்கு, மலாக்கா காஜா பேராங்கில் குடியிருந்த மேல்முறையீட்டு அதிகாரி கலியாணசுந்தரத்தின் வீட்டுக் கூடத்தில் ரயில் வந்து நின்றது. ஒரு என்ஜின், ஆறு பெட்டி. கொல்லையில் ரம்புத்தான் மரத்தைத் தாண்டி, சமையலறைச் சுவரைத் திரைச்சீலைபோல ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. என்ஜின் வீட்டு முன்பக்கச் சடக்குச் சாலையில் மூச்சுவிட்டபடி நிற்க, ஐந்தாவது பெட்டி கூடத்துக்கும் ஆறாவது பெட்டி சமையலறைக்கும் சரியாக வந்து சேர்ந்தன. பெட்டியில் இருந்தவர்கள் தண்ணீர் கேட்டார்கள். அதிகாரியின் மனைவி சந்திரமதி அப்போதுதான் தேநீருக்கு அடுப்பில் கெண்டி வைத்திருந்தாள். பானையிலிருந்து மொண்டு ஜன்னல் ஜன்னலாகக் கொடுத்தாள். இரண்டு நிமிஷத்தில் ரயில் கிளம்பி, பழைய ஸ்டேஷன் இருந்த திசையில் போய் மறைந்தது. சுவர் மூடிக்கொண்டது. சுண்ணாம்புகூட உதிரவில்லை. அந்த வாரம் பசாரில் வெங்காயம் விலை ஏறியிருந்ததால் ஊரில் அதைப் பற்றித்தான் பேச்சு அதிகம். ரயிலைப் பற்றிக் கேட்டவர்களிடம், சந்தியில் அப்பம் சுட்டு விற்கும் பூங்காவனம், "ரயிலே இல்லன்னு எழுதுனவரு வூட்டுக்கு வராம வேற எங்க வரும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த அப்பத்துக்கு மாவு ஊற்றினாள்.

அவர் அப்படி எழுதியது அதே ஆண்டு பிப்ரவரியில். கலியாணசுந்தரம் ஈப்போவில் பிறந்தவர், கோலாலம்பூரில் பதினோரு வருஷம் கோப்பு பார்த்தவர். சுதந்திரம் வந்த பிறகு, குடியுரிமைப் பத்திரம் இல்லாதவர்களின் மனுக்களைக் கேட்டு முடிவு சொல்ல மலாக்காவுக்கு அனுப்பப்பட்டார். வந்த இரண்டாவது வாரம், கடலோர விடுதியில் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் இருந்தபோது, அவர் முன்னால் வந்த மூன்றாவது வழக்கு கமலவேணியுடையது. அவளுக்கு இருபத்தைந்து வயது. தம்பின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பிறந்ததற்கான தாள் தோட்டத்து ஆபீசோடு எரிந்துபோனது. பத்து வயதில், 1943-இல், ஜப்பான்காரன் தோட்டத்து லயத்து வரிசைவீட்டுச் சனங்களைச் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துப்போனபோது அப்பா அம்மாவோடு அவளும் போனாள். அப்பா வாந்திபேதியில் போனார். அம்மா எதில் போனாள் என்று அவளுக்குத் தெரியாது; காலையில் எழுப்பினாள், எழுந்திருக்கவில்லை. போர் முடிந்ததும் யாரோ அவளை மலை தாண்டி பர்மாவில் மோல்மேன் நகரத்துத் தமிழர்களிடம் சேர்த்தார்கள். அங்கே உள்நாட்டுச் சண்டை வந்து தெருவே எரிந்தபோது, மீன்பிடிப் படகில் தப்பிப் பினாங்கு வந்து, கேட்டுக் கேட்டு மலாக்கா வந்து சேர்ந்தாள். 1956-இல் சேதுபதி அவளுக்குக் கோயிலில் வைத்துத் தாலி கட்டினான். சிங்கப்பூரில் கல்லூரி முடித்துவிட்டு வந்து, ஆங்கிலப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த இளைஞன் அவன். அதிகம் பேசமாட்டான். கல்யாணத்தைப் பதிய வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. கோயிலில் அறுபது பேர் சாப்பிட்டார்கள், அது போதும் என்றிருந்தார்கள்.

விசாரணை அந்த விடுதி அறையிலேயே நாற்பது நிமிஷம் நடந்தது. மலாக்கா உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். சண்டைக்கு முந்தி வருஷா வருஷம் அப்பாவோடு காஜா பேராங் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருவோம் என்றாள். எதில் வருவீர்கள் என்று கேட்டார். ரயிலில் என்றாள். கலியாணசுந்தரம் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். போன வருஷம் அச்சான புது வரைபடம். தம்பினில் ரயில்பாதை உண்டு. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு வெறும் வெள்ளைத்தாள்தான். "காட்டும்மா" என்றார். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"இதுல இல்லீங்க. சயாம்ல இருக்கு."

எழுத்தர் சிரித்துவிட்டார். அந்த நாற்பது நிமிஷத்தில் சிரிப்பு வந்தது அந்த ஒரு இடத்தில்தான். "ஜப்பான்காரன் தண்டவாளத்த பிடுங்கி அங்க கொண்டுபோனான்" என்றாள் அவள். "பின்னாலேயே எங்களையும் கொண்டுபோனான்."

'மனுதாரர் கேள்விக்கு ஏளனமாகப் பதில் சொன்னார்' என்று கலியாணசுந்தரம் குறித்துக்கொண்டார். அந்தக் கோயிலைப் பற்றிக் கேட்டபோது, அங்கே பூசைக்கு வருகிறவர்கள் கபாயாச் சட்டை உடுத்தி நெற்றியில் திருநீறு பூசி மலாய்தான் பேசுவார்கள், தமிழ் தெரியாது என்றாள். அதையும் குறித்துக்கொண்டார். அப்பா அம்மா செத்ததைச் சொன்னபோது அவள் கண் கலங்கவில்லை என்பதையும் குறித்தார். சேதுபதி எழுந்து, அந்த ரயிலில் தானும் சின்ன வயதில் போயிருப்பதாகச் சொன்னான். "நீங்கள் கணவர் என்கிறீர்கள். சம்பந்தப்பட்ட சாட்சி. உட்காருங்கள்" என்றார். தீர்ப்பு ஒன்றேகால் பக்கம். மலாக்காவுக்கு ரயில் கிடையாது. தமிழ் தெரியாமல் மலாய் பேசி மாரியம்மனைக் கும்பிடும் கூட்டம் இருக்க வாய்ப்பில்லை. பெற்றோரைப் பறிகொடுத்தவள் அதைக் கடைச் சாமான் பட்டியல்போலச் சொல்லமாட்டாள். இந்த மூன்றிலும் பொய் சொன்னவள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்வதையும் நம்புவதற்கில்லை. முப்பது நாளில் நாட்டை விட்டு, வந்த பர்மாவுக்கே போய்விட வேண்டும்.

அந்த முப்பது நாளில் சேதுபதி சாட்சி தேடி அலைந்தான். அந்த ரயில் ஓடியது மலாக்காவில் இருபது வயது தாண்டிய எல்லாருக்கும் தெரியும். கணேசமூர்த்தி அந்தப் பாதையிலேயே கூலியாக இருந்தவர், தண்டவாளத்துக்கு அடியில் கட்டை மாற்றியவர். செமாபோக்கில் மகன் வீட்டில் இருந்தார். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "இந்தக் காய்ப்பு அந்த ரயிலு போட்டது வாத்தியாரே. இல்லங்கல. ஆனா என் மனுவும் அதே ஆளு மேசையிலதான் கெடக்கு. இல்லாத ரயில்ல வேலை பாத்தேன்னு நானே போயி சொன்னா, என்னையும்ல ரங்கூனுக்கு ஏத்துவாரு? நான் ரங்கூனைப் பாத்ததுகூட இல்ல." மற்றவர்களும் அதையே வேறு வேறு மாதிரி சொன்னார்கள். ஒருவர் கதவைத் திறக்காமலே சொன்னார். ஊரில் பாதிப் பேர் மனு போட்டுக் காத்திருந்த வருஷம் அது.

மார்ச் கடைசியில் கமலவேணியைப் பினாங்கில் கப்பலேற்றினார்கள். கூடப் போக அவனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. கணவன் என்பதற்கு ஆதாரம் இல்லை. நான்காம் நாள் கப்பலில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆறாம் நாள் அவள் உடலைக் கடலில் இறக்கிவிட்டார்கள். கப்பல் கம்பெனி இரண்டு வரியில் தந்தி கொடுத்தது. சேதுபதி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய், ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தான். "அழுதுருங்க வாத்தியாரே" என்று பூங்காவனம் பலமுறை சொன்னாள். அவனுக்கு அழுகை வரவில்லை. கலியாணசுந்தரம் பார்த்திருந்தால் அவள் செத்ததும் நம்பும்படியாக இல்லை என்று எழுதியிருப்பார்.

இதற்குள் கலியாணசுந்தரம் விடுதியை விட்டு, மனைவியை ஈப்போவிலிருந்து அழைத்துக்கொண்டு காஜா பேராங்கிலேயே வாடகைக்கு வீடு பிடித்திருந்தார். குடிவந்த முதல் வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர், கபாயாவும் சாரோங்கும் உடுத்தி, நெற்றியில் திருநீறோடு, மாரியம்மன் கோயில் பொங்கல் கொண்டுவந்து கொடுத்து மலாயில் நலம் விசாரித்தார்கள். அவர்கள் மலாக்காச் செட்டிகள், தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கிறவர்கள். பொங்கலை வாங்கி வைத்துவிட்டு அவர் அவர்கள் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றார் என்று சந்திரமதி பிற்பாடு சொன்னாள். ஆனால் கோப்பு மூடியாகிவிட்டது. பொங்கலைச் சாப்பிட்டார்.

சேதுபதி ஒரு டின் மண்ணெண்ணெய் வாங்கி வைத்திருந்தான். அதை எதற்கு வாங்கினான் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. ஏப்ரல் பத்தொன்பது, சனிக்கிழமை, பள்ளி இல்லாத நாள். அதிகாரியும் மனைவியும் கிளேபாங் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்த காலை நேரம். டின்னோடு கொல்லைப்பக்கம் போனவன், வேலிக்கு வெளியே புல்லில் ஒரு ரயில்கட்டை கிடப்பதைப் பார்த்தான். புதுக்கட்டை இல்லை. பாசி பிடித்து, ஆற்றுச் சேற்று நாற்றத்தோடு, பக்கவாட்டில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. மறுநாள் வந்து பார்த்தான். இரண்டு கட்டை. இரண்டாவது வேலிக்கு ஒரு முழம் கிட்டே இருந்தது. திங்கட்கிழமை மூன்று. அவன் மண்ணெண்ணெயைத் திருப்பிக் கடையில் கொடுத்துவிட்டான். கணேசமூர்த்தியைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து காட்டினான். கிழவர் குனிந்து முளை அடித்த ஓட்டையில் விரல் விட்டுப் பார்த்தார். "என் கட்டைதான். கோணலா அடிச்சிருக்கேன் பாருங்க, கங்காணி அன்னிக்கே வஞ்சான்" என்றார். பிறகு, தான் வந்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனார்.

நாளொன்றுக்கு ஒரு கட்டை. எங்கிருந்து, யார் கொண்டுவந்தது என்று யாரும் பார்க்கவில்லை. மழை வருவதுபோல வந்தது. தம்பின் திசையிலிருந்தும் அப்படியே கட்டைகள் வந்துகொண்டிருந்ததாக அந்தப் பக்கத்து ஆட்கள் சொன்னார்கள். ஜூன் மாதம் கட்டைகள் வேலியைத் தாண்டின. பிறகு அவற்றின்மேல் தண்டவாளம் முளைத்தது. துருப்பிடித்த தண்டவாளம் ஒரு வாரத்தில் தேய்ந்து பளபளத்தது. கலியாணசுந்தரம் நகராட்சிக்கு எழுதினார். உங்கள் பகுதியில் ரயில்பாதை எதுவும் இல்லையாதலால் அதை அகற்றும் கேள்வி எழவில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. சேதுபதி தினமும் பள்ளி விட்டதும் வேலியோரம் நின்று, கட்டைக்கும் சமையலறைச் சுவருக்கும் நடுவே எத்தனை அடி என்று கண்ணால் அளந்துவிட்டுப் போவான். மனைவி போன பிறகு அவன் ருசித்துச் சாப்பிட்டது அந்த நாள்களில்தான்.

ரயில் வந்த அன்றும் அவன் வேலியோரம்தான் நின்றான். இரண்டாம் நாள் சந்திரமதி அவனை உள்ளே கூப்பிட்டாள். "வெயில்ல நிக்காதீங்க தம்பி. ரயிலு பாக்கத்தானே வந்தீங்க, கூடத்துலேயே நின்னு பாருங்க." அவன் யார் என்று அவளுக்குத் தெரியும். கூடத்தில் ஐந்தாவது பெட்டி நின்றபோது அவன் அவளைப் பார்த்தான். ஜன்னலோரம் ஒரு பத்து வயதுப் பெண். நீலக் கவுன், கழுத்துக்குக் கீழே ஒரு பொத்தான் இல்லை. மடியில் தகரப் பெட்டி. பக்கத்தில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். சந்திரமதி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கமலவேணி தண்ணீர் குடித்தபின் அப்படித்தான் செய்வாள். அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவளுக்கு அவனைத் தெரியாது. அவளுக்கு அவனைத் தெரிய இன்னும் பதின்மூன்று வருஷம் இருந்தது.

அதன்பின் சேதுபதி ஒரு நாளும் தவறவில்லை. நான்கு மணிக்கு வருவான், இரண்டு நிமிஷம் பார்ப்பான், போவான். கலியாணசுந்தரம் முதலில் வீட்டை மாற்றப் பார்த்தார். செமாபோக்கில் வேறு வீடு பேசி, சாமான் ஏற்றப் போன அன்று, அந்த வீட்டுக் கொல்லையில் ஒரு கட்டை கிடந்தது. இங்கேயே இருந்துவிட்டார். அப்புறம், அவர் எந்த வேலைக்குப் பழகியிருந்தாரோ அந்த வேலையைத் தொடங்கினார். நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போய், பேர், தகப்பன் பேர், தோட்டம், எங்கே போகிறீர்கள் என்று கேட்டு எழுதினார். இரண்டு நிமிஷத்தில் மூன்று பேரிடம் கேட்க முடியும். சயாமுக்கு வேலைக்கு, மூணு மாசத்துல திரும்பிருவோம்னு துரை சொல்லிருக்காரு என்று எல்லாரும் சொன்னார்கள். ஒருவன் மட்டும், "நீங்க யாருங்க, கணக்கெழுதுற கிராணியா? எங்க சட்டி பானையெல்லாம் லயத்துலயே கெடக்கு, பாத்துக்கிருங்க" என்றான். நவம்பர் மாதம் ஒருநாள் அவர் நீலக் கவுன்காரியிடம் வந்தார். பேர் கேட்டார். சொன்னாள். இந்த ஊருக்கு முன்னால் வந்திருக்கிறாயா என்று கேட்டார். "திருவிழாவுக்கு வருவோம். இதே ரயிலுதான்" என்றாள். கூடத்து மூலையில் நின்ற சேதுபதி, அவருடைய பேனா நின்றதைப் பார்த்தான். பிறகு பேனா அதையும் எழுதிக்கொண்டது.

டிசம்பரில் கலியாணசுந்தரம் தலைமையகத்துக்கு ஒரு அறிக்கை அனுப்பினார். இருநூற்றுப் பதினேழு வாக்குமூலங்கள், நேரம், பெட்டி எண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. மலாக்காவுக்கு ரயில் உண்டு, தினமும் என் வீட்டில் நிற்கிறது, ஆகவே என் பிப்ரவரி மாதத் தீர்ப்பு தவறு என்று எழுதியிருந்தார். மலாக்காவுக்கு ரயில் இல்லை என்று பதில் வந்தது. கூடவே வரைபடத்தின் நகல் ஒன்றும் வந்தது. அவர் மறுபடி எழுதினார். அவர்கள் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்து, மனநிலையை விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார்கள். குழு வீட்டுக்கு வந்து பார்க்கலாமே என்று கேட்டார். வரைபடத்தில் பாதை இல்லாதபோது பார்க்கப் போக முகாந்திரம் இல்லை என்றார்கள். சாட்சி இருந்தால் அழைத்துவாருங்கள் என்றார்கள். சந்திரமதியைக் கேட்கமாட்டார்கள், மனைவி சம்பந்தப்பட்ட சாட்சி. காஜா பேராங்கில் வீடு வீடாகப் போனார். எல்லார் மனுவும் இன்னும் மேசையில்தான் இருந்தது. மேசைதான் மாறியிருந்தது. கதவைத் திறக்காமலே சொன்ன ஆள் இவரிடமும் கதவைத் திறக்காமலே சொன்னார்.

மிச்சம் இருந்தவன் சேதுபதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அவனுடைய வீட்டுக்கு வந்தார். அவன் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே பேசினார்.

"சேதுபதி சார், உங்க மனைவி சொன்னது நிஜம். நான் எழுதுனது தப்பு."

"எழுதிக் கொடுங்க."

"எழுதிட்டேன் சார். மூணு தடவை. பைத்தியக்காரன் எழுதுனது செல்லாதாம். நீங்க வந்து ரயிலு ஓடுது, பாக்குறேன்னு சொல்லிட்டீங்கன்னா நான் பைத்தியம் இல்லன்னு ஆயிரும். என் அறிக்கை நிக்கும். உங்க மனைவியோட தீர்ப்பும் மாறும். ரெண்டும் ஒரே கயிறு."

"நீங்க அன்னிக்கு என்னை உட்காரச் சொன்னீங்க."

"சொன்னேன்" என்றார் கலியாணசுந்தரம். "படிச்சவர், அழாம பேசுறவர். உங்களை நம்புவாங்க."

சேதுபதி வருகிறேன் என்றான். அந்த இரவு அவன் நன்றாகத் தூங்கினான்.

1959 மே மாதம் பன்னிரண்டாம் தேதி கடலோர விடுதியில், கமலவேணி நின்ற அதே அறையில் விசாரணை நடந்தது. குழுத் தலைவர் பெப்பர்மின்ட் சப்பிக்கொண்டிருந்தார். மேசைமேல் மூன்று கிளாஸ் தண்ணீர். சேதுபதியின் முறை வந்தபோது நான்கு மணி ஆகிவிட்டது. வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, கல்லூரிச் சான்றிதழ்.

"மலாக்காவுக்கு ரயில் உண்டா?"

"இருந்தது. சண்டைக்கு முந்தி. தம்பினிலிருந்து மலாக்கா வரை. நானே போயிருக்கிறேன். ஜப்பான்காரர்கள் பிடுங்கிச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். இவர் யாரையும் கேட்கவில்லை. தயவுசெய்து அதை எழுதிக்கொள்ளுங்கள்."

எழுத்தர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையசைத்தார். எழுதினார்கள். சேதுபதி அந்தப் பேனா நிற்கும்வரை காத்திருந்தான். கலியாணசுந்தரத்தின் முகத்தில் ஒரு வருஷமாக இல்லாத தெளிச்சி வந்தது.

"இப்போது?" என்றார் தலைவர்.

மணி நான்கு பத்து. மேசைமேல் இருந்த தண்ணீரில் மூன்று கிளாசிலும் ஒரே சமயத்தில் வட்ட வட்டமாக அலை எழுந்தது. தலைவர் தம் கிளாசை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"இப்போது இல்லை" என்றான் சேதுபதி.

"தினமும் அவர் வீட்டுக்குப் போகிறீர்கள் என்கிறாரே?"

"போகிறேன். உடம்பு சரியில்லாதவர். பார்த்துவிட்டு வருவேன்."

கலியாணசுந்தரம் கோபப்படவில்லை. குறுக்குக் கேள்வி ஒன்று கேட்க அனுமதி வாங்கிக்கொண்டு எழுந்தார். "சார், நேத்து அந்தப் பொண்ணு என்ன போட்டிருந்துச்சு?"

நீலக் கவுன். கழுத்துக்குக் கீழே ஒரு பொத்தான் இல்லை. சேதுபதிக்கு அந்தப் பொத்தான் இல்லாத இடத்தில் தொங்கிய நூலின் நீளம்கூடத் தெரியும்.

"எந்தப் பொண்ணு?" என்றான்.

சாட்சி தடுமாறாமல் பேசினார், படித்தவர், விருப்பு வெறுப்பு இல்லாதவர், அவர் சொல்வதை முழுமையாக நம்பலாம் என்று குழு எழுதியது. கலியாணசுந்தரத்தை உடல்நலக் காரணம் சொல்லி வேலையிலிருந்து விலக்கினார்கள். சேதுபதி சாட்சியத்தின் நகலைக் கேட்டு வாங்கி, மேல்முறையீட்டு அலுவலகத்துக்கு அனுப்பினான். ரயிலைப் பற்றி மனுதாரர் சொன்னது உண்மையே என்று கமலவேணியின் கோப்பில் திருத்தி எழுதினார்கள். ஜூலையில் அவள் பேருக்கு ஒரு கடிதம் வந்தது. தங்கள் மேல்முறையீடு மறுபடி பரிசீலிக்கப்படும், முப்பது நாளுக்குள் நேரில் வரவும் என்று இருந்தது. அவன் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினான். மெய் சொன்னவளை நாற்பது நிமிஷம் கேட்டும் நம்பாதவர்கள், பொய் சொன்னவனை ஐந்து நிமிஷத்தில் நம்பினார்கள் என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கணேசமூர்த்திக்கு அந்த வருஷம் குடியுரிமை கிடைத்தது. மிட்டாய் கொண்டுவந்தார். சேதுபதி வாங்கிக்கொள்ளவில்லை.

விசாரணைக்கு மறுநாள் நான்கு மணிக்கு அவன் வழக்கம்போலக் காஜா பேராங் போனான். போகாமல் இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. சந்திரமதி அவனுக்கு வழிவிட்டாள். நான்கு பத்துக்கு அவள் சொம்பில் தண்ணீர் மொண்டு கூடத்தின் நடுவே நீட்டினாள். சொம்பு காலியாகத் திரும்பி வந்தது. மறுபடி மொண்டாள். வாசலில் நின்ற பிள்ளைகள் யாருக்கோ கையாட்டினார்கள். பூங்காவனம் சந்தியிலிருந்து அப்பப் பொட்டலத்தோடு ஓடிவந்து அதை அந்தரத்தில் யாரிடமோ கொடுத்தாள். சேதுபதிக்குக் கூடம்தான் தெரிந்தது. இரண்டு நாற்காலி, சுவரில் நாள்காட்டி, சமையலறைச் சுவர். ஓசையும் இல்லை, காற்றும் இல்லை. காஜா பேராங்கில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த ரயில் அன்று முதல் அவன் ஒருவனுக்கு மட்டும் தெரியவில்லை.

அவன் வருவதை நிறுத்தவில்லை. கலியாணசுந்தரமும் அவன் நாற்காலியைக் கூடத்திலிருந்து எடுக்கவில்லை. இரண்டு பேரும் இரண்டு வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் தினமும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி தொடர்ந்து வாக்குமூலம் எழுதினார். நோட்டுப் புத்தகங்கள் அலமாரியில் ஏறின. ஊரார் ரயிலை வைத்துக் கடிகாரம் திருப்பிக்கொண்டார்கள். ஈரத்துணியைத் தண்டவாளத்தில் காயப்போட வேண்டாம் என்று மருமகள்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஊரில் பாதிப் பேர் வரிசையாகக் குடிமக்கள் ஆனார்கள். 1961-இல் ஒரு புதன்கிழமை சேதுபதி முதல் தடவையாகக் கேட்டான்.

"இருக்காளா?"

கலியாணசுந்தரம் பேனாவை மூடினார். பதில் சொல்ல அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

"இருக்கா" என்றார்.

அன்று முதல் அவன் கேட்பதும் அவர் சொல்வதுமாக ஆயிற்று. ஜன்னலோரமா இருக்கா. தூங்குறா. அப்பாவும் பொண்ணும் மரவள்ளி சாப்புடுறாங்க. சில நாள் இன்னிக்கு வரலை என்பார். அன்று முழுக்க அவன் முகம் பார்க்கச் சகிக்காது. கலியாணசுந்தரம் அந்த முகத்தை ஆற அமரப் பார்ப்பார். ஒரு நாள் நீலக் கவுன் என்றார், அடுத்த நாள் சிவப்புப் பாவாடை என்றார், இன்னொரு நாள் அவள் மூன்றாவது பெட்டிக்கு மாறிவிட்டதாகச் சொன்னார். அவள் மாற்றுத்துணி கொண்டுவரவில்லை என்பது பத்து மாதம் அதே நீலக் கவுனைப் பார்த்த சேதுபதிக்குத் தெரியும். கணக்கு வாத்தியாருக்கு, நேற்றைய சொல்லையும் இன்றைய சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும். அவன் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. சிவப்புப் பாவாடை என்றால் அன்றைக்குச் சிவப்புப் பாவாடை.

"நீங்க ஏன் அந்த மனுசன் பேச்சக் கேக்குறீங்க? வேணும்னே பண்றாரு. என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்" என்று ஒருமுறை சந்திரமதி சொன்னாள். சேதுபதி வேண்டாம் என்றான். அவர் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்றான்.

1963 செப்டம்பரில், மலேசியா பிறந்த வாரம், தெருவெல்லாம் கொடி கட்டியிருந்தது. நான்கு பத்துக்குக் கலியாணசுந்தரம் வழக்கத்துக்கு மாறாக எழுந்து நின்றார். அவருக்கு அப்போது கண் லேசாக மங்கத் தொடங்கியிருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன?" என்றான் சேதுபதி.

"இன்னிக்கு எதோ சொல்லுறா."

"யார்கிட்ட?"

"உங்களைப் பாத்துத்தான்."

"என்ன சொல்றா?"

கலியாணசுந்தரம் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, நாள், நேரம், பெட்டி எண் எழுதி, அதன் கீழே நாலு வரி எழுதினார். எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தார். மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"நீங்க சம்பந்தப்பட்ட சாட்சி, சொல்லக் கூடாது" என்றார்.

சந்திரமதி கடைசிச் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "ஓரமா நில்லுங்க தம்பி, கெளம்புது" என்றாள். சேதுபதி தன் நாற்காலியை இழுத்துச் சுவரோடு போட்டுவிட்டு, ஒதுங்கி வழிவிட்டான்.